தேயிலைப் பஞ்சு விரித்த கூண்டு

என் உடம்பில் எந்த வாடையும் இருக்கக் கூடாது. அது என் தொழிலுக்கு வேண்டியது. தேயிலைக் கொழுந்தை வாட்டி, அரைத்து, காயவைத்துத் தூளாக்கும் தொழிற்சாலையை எங்கள் தோட்டத்தில் ஸ்டோர் என்போம். அங்கே சலிக்கும் அறையில் வேலை பார்க்கிறேன். காய்ந்த தேயிலை பக்கத்தில் என்ன வாசம் இருந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் அந்த அறைக்கு வரும் பெண்கள் பூ வைப்பதில்லை. வாசனை எண்ணெய், பவுடர், வெற்றிலை எதுவும் கூடாது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தவன் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் பேச்சும் வராது. வாடையில்லாத மனிதன் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே பெருமை. அந்தப் பெருமையை என் உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் பெரிய இரண்டு பிராணிகள் கெடுத்தன.

மகளை உடப்புசல்லாவையில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நானும் என் மனைவியும்தான். அவள் கொழுந்து எடுக்கிறவள். மலையில் இருக்கும்போது நன்றாகச் சிரித்துப் பேசுவாள் என்று மற்றப் பெண்கள் சொல்வார்கள். வரிசை வீடான லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் வந்தால் பேச்சு குறைந்துவிடும். குற்றம் அவளுடையதல்ல. அவள் ஏதாவது சொன்னால் நான் "ம்" என்பேன். இரண்டு தடவை "ம்" என்றால் எந்தப் பேச்சும் முடிந்துவிடும்.

ஒரு நாள் ஹட்டனுக்குப் போனவள் ஒரு பிஸ்கட் பெட்டியோடு வந்தாள். உள்ளே இரண்டு கினிப்பன்றிக் குட்டிகள். ஒன்று செவலை, ஒன்று கறுப்பு. இரண்டும் ஆண்.

"பன்னின்னுதான் பேரு. ஆனா முயல் மாதிரி புல்லு திங்குமாம். நானா சொன்னாரு," என்றாள்.

நானா என்று அவள் சொன்னது பஜாரில் மீன் தொட்டியும் குருவியும் விற்கிற முஸ்லிம் கடைக்காரரை. என் வயதுதான் இருக்கும். அன்றைக்கு முதல் முறையாக அந்தப் பெயர் எங்கள் காம்பராவுக்குள் வந்தது. பிறகு ஒவ்வொரு நாளும் வந்தது. நானா வல்லாரை குடுக்கச் சொன்னாரு. நானா கொய்யா எலை நல்லதுன்னாரு. பனி விழுற நேரம் கூண்ட இஸ்தோப்புல வைக்க வேணாம்னு நானா சொன்னாரு. இஸ்தோப்பு என்பது எங்கள் லயத்து முன்வாசல். அங்கே நான் தினமும் பனியில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னை உள்ளே வரச்சொல்லி யாரும் சொல்லவில்லை.

அந்த மனிதர் எழுத மாட்டார். குரலைப் பதிந்து அனுப்புவார். மூன்று நிமிடம், நாலு நிமிடம். நான் ஒரு வாரத்தில் பேசுவதை அவர் ஒரே செய்தியில் பேசிவிடுவார். அவள் சோறு வடித்துக்கொண்டே கேட்பாள், சிரிப்பாள், பிறகு போனை வாய்க்கருகில் வைத்துப் பதில் சொல்வாள். அவளுடைய அந்தக் குரலை நான் கேட்டே வருசக்கணக்காகிவிட்டது. எனக்குப் பொறாமையாக இருந்தது. அதற்கு வேறு நல்ல பெயர் எதுவும் எனக்குத் தெரியாது. கடைக்காரர் மேல் மட்டுமல்ல, கூண்டில் இருந்த இரண்டின் மேலும்தான். வேலை முடிந்து வந்ததும் அவள் முதலில் கூண்டுக்குப் போவாள். "என் ராசா, பசிக்குதா?" என்பாள். என் தேத்தண்ணி அதற்குப் பிறகுதான் அடுப்பில் ஏறும்.

மூன்று நாலு மாதம் வரைக்கும் அதுகளால் தொந்தரவு இல்லை. அதற்குப் பிறகு வயசுக்கு வந்தன. இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டி, தூரத்தில் லொறி ஏற்றம் ஏறுவது போல ஒரு சத்தம் போட்டுக்கொண்டு, ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வந்தன. போகிற இடமெல்லாம் பின்பக்கத்தைத் தரையில் தேய்த்தன. வாடை அப்போதுதான் தொடங்கியது. பழைய எண்ணெய்ச் சீலையும் ஆட்டுக் கிடாயும் சேர்ந்தது போல ஒரு வாடை. காம்பரா ஒன்றுதான், ஜன்னலும் ஒன்றுதான். என் சாரம், சட்டை, போர்வை எல்லாவற்றிலும் ஏறியது.

பக்கத்துக் காம்பராப் பெண் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தே கேட்டாள். "ஏங்கண்ணே, கெடா வெட்டுறதுன்னா எங்களுக்கும் ஒரு பங்கு சொல்லிவிடுங்க. வாடை வந்து ஒரு வாரமாச்சு, இன்னும் கறி வரல்லியே."

நான் "ம்" என்றேன்.

ஸ்டோரில் அப்படி நழுவ முடியவில்லை. சலிக்கும் அறைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று செவ்வாய்க்கிழமை. டீமேக்கர் ஐயா சல்லடை பக்கம் வந்தவர் நின்றார். ஸ்டோர் முழுக்க அவர் பொறுப்பு. ஒரு கரண்டித் தூளை மோந்தாலே அது எந்த மலைக் கொழுந்து என்று சொல்லிவிடுவார். அந்த மூக்கு தூளிடம் போகாமல் என்னிடம் வந்தது.

"என்னப்பா இது?"

"வீட்ல ரெண்டு பிராணிங்கய்யா."

"பிராணியா, பொணமா? இந்த வாடை தூளுல ஏறுனா ஏலத்துல யாரு வாங்குவான்? ரெண்டு நாளைக்கு வீட்டுல இரு. வெள்ளிக்கிழமை சுத்தமா வா. அப்பவும் இப்புடித்தான் வருவேன்னா வெளியில வெறகு அடுக்கப் போ."

ஒரு பெண் வாயைப் பொத்திச் சிரித்தாள். காது சூடாகிவிட்டது எனக்கு.

அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். வாடை போக வேண்டும், இல்லாவிட்டால் அதுகள் போக வேண்டும். அவள் முகம் சுருங்கிப்போனது. செவலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நானாகிட்ட கேக்குறேன். அவருக்குத் தெரியும்."

"வேணாம்," என்றேன். "வாடையப் பத்தி எனக்குத் தெரியாததா? நான் பாத்துக்குறேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு நீளமாக நான் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. ஆனாலும் நான் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் கடைக்காரருக்குக் குரல் அனுப்பிவிட்டாள் என்பது எனக்கு அடுத்த நாள்தான் தெரிந்தது.

உண்மையில் அதற்கு முந்திய வாரம் முழுக்க நான் கூண்டோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டேன். தினமும் வைக்கோலை அள்ளிக் கொட்டி, பலகையைக் கிருமி மருந்து போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்தேன். கழுவிய கூண்டில் விட்டதும் இரண்டும் ஓடி ஓடிப் பின்பக்கத்தைத் தேய்க்கும். சாயங்காலத்துக்குள் முன்னைவிட மோசமாகிவிடும். என்னை வேண்டுமென்றே வம்புக்கு இழுப்பதாக நினைத்தேன்.

ஐயா திட்டிய நேரத்தில்தான் எனக்கு ஒரு யோசனை வந்திருந்தது. தேயிலை வாடையை உறிஞ்சும். அதனால்தானே எனக்கு இந்தக் கதி. அப்படியானால் தேயிலையையே கூண்டில் விரித்தால் என்ன? சலிக்கும்போது செம்பழுப்பாகப் பஞ்சு ஒன்று பறந்து சுவரோரம் படியும். எதற்கும் உதவாத கழிவு. ஆனாலும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். டீமேக்கர் ஐயா என்னை அனுப்பிய அந்தச் செவ்வாய்க்கிழமையே, சாப்பாட்டுப் பெட்டியில் அமுக்கி அமுக்கி நிரப்பிக்கொண்டு வந்தேன். அத்தனை வருசத்தில் நான் ஸ்டோரிலிருந்து எடுத்த ஒரே பொருள் அது. ஐயாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

புதன்கிழமை காலை, வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக்கு அவள் போனாள். மழைக்குப் பயந்து போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவது அவள் வழக்கம். எட்டு மணியளவில் போன் சத்தம் போட்டது. கடைக்காரரின் குரல் வந்திருந்தது. நான் அமுக்கினேன்.

"தங்கச்சி, நேத்து நீங்க சொன்ன கதைய நெனச்சு இன்னும் சிரிப்பு வருது. வீட்லயும் சொன்னேன், எல்லாரும் சிரிச்சாங்க. சரி, வாடை விசயம். பயப்பட ஒண்ணுமில்ல. ஆம்புள குட்டி வயசுக்கு வந்தா..."

அங்கேயே நிறுத்தினேன். என்ன கதை? என்னிடம் அவள் ஒரு கதையும் சொல்லவில்லை. ஹட்டனில் ஒரு வீடே சிரித்த கதை, அவளோடு ஒரே காம்பராவில் படுத்து எழும்புகிற எனக்குத் தெரியாது. மிச்சத்தைக் கேட்டால் அவர் சொன்னபடி செய்ய வேண்டி வரும். வாடை போகும். "நானாவாலதான் போச்சு" என்று அவள் ஊரெல்லாம் சொல்வாள். அழித்துவிட்டேன்.

பிறகு கூண்டைக் கழுவி, பஞ்சை மெத்தை போல விரித்து, இரண்டையும் உள்ளே விட்டேன்.

மத்தியானம் சாப்பிட வந்தவள் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள். "வாடை கொறஞ்சிருக்கே. என்ன போட்டீங்க?"

"தேயிலைப் பஞ்சு."

"பாரேன், கெட்டிக்காரருதான்," என்றாள். போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "நானா இன்னும் பதில் போடல. பரவால்ல, இனிமே தேவப்படாது," என்றாள்.

அந்த ஒரு மத்தியானம் நான் எவ்வளவு சந்தோசமாக இருந்தேன் என்று எழுதத் தெரியவில்லை. அவள் திரும்ப மலைக்குப் போன பிறகு தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

மூன்று மணிக்கு மேல் சிரிப்பு நின்றது. இரண்டும் கூண்டுக்குள் நிற்காமல் ஓடின. கம்பியில் மோதி, திரும்பி, மறுபடியும் ஓடின. முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். பிறகுதான் செவலையின் வாயில் ஒட்டியிருந்த பழுப்பு நிறத்தைப் பார்த்தேன். பஞ்சைத் தின்றிருக்கிறது. கையில் எடுத்தேன். சின்ன நெஞ்சுக்குள் இதயம் அடித்த அடியை எண்ண முடியவில்லை. பஞ்சு முழுவதையும் வாரி வெளியே கொட்டினேன். அவள் வேலை முடிந்து வரும்போது கறுப்பு ஒரு மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தது. செவலை ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தது.

அவள் கத்தவில்லை. அழுதாள். "காலையில நல்லாத்தானே இருந்துச்சு. என்னங்க ஆச்சு?"

"தெரியல்ல," என்றேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனோம். இரண்டும் அதே பிஸ்கட் பெட்டியில். பொகவந்தலாவைப் பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அவள் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். நேராகக் கடைக்குத்தான் போனாள். நான் பின்னால் போனேன்.

கடைக்காரர் கதவுப் பலகையை எடுத்துக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர், முன்பல்லில் ஒன்று இல்லை. என் மனதில் இருந்த ஆள் இவரைவிட உயரம், தலைமுடியும் அதிகம். பெட்டிக்குள் பார்த்தவர் கடையைத் திறக்காமல் அப்படியே விட்டுவிட்டு, மேல் தெருவில் இருந்த மிருக வைத்தியரிடம் எங்களைக் கூட்டிப்போனார்.

வைத்தியர் ஒரு சிங்களப் பெண்மணி. செவலையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். முகம் மாறியது. என்ன தின்றது என்று சிங்களத்தில் கேட்டார். மனைவி புல், வல்லாரை, கொய்யா இலை என்று சொல்லிக்கொண்டே போனாள். வைத்தியர் இல்லை இல்லை என்று தலையாட்டினார். வேறு என்ன?

எனக்குச் சிங்களம் தெரியும். எல்லார் முன்னாலும் வாய்தான் திறக்கவில்லை. செவலையின் கால் ஒரு தடவை இழுத்தது. "தே," என்றேன். தேயிலைக்குச் சிங்களத்தில் அவ்வளவுதான், ஒரே எழுத்து. அதைச் சொல்வதற்குள் வேர்த்துவிட்டது.

மனைவி மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

தேயிலை இதுகளுக்கு விசம் மாதிரி என்றார் வைத்தியர். மருந்து கொடுத்து, தண்ணீரை ஊசிக்குழாயால் துளித்துளியாகப் புகட்டச் சொன்னார். பொழுது சாயும்வரை தாங்கினால் பிழைக்கும் என்றார். கடைக்காரர் எங்களைத் தன் கடையிலேயே உட்காரவைத்தார். அவள் செவலைக்குத் தண்ணீர் புகட்டினாள்.

கறுப்பு கொஞ்சம் தேறியிருந்தது. கடைக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, வாடைக்குத்தானே இவ்ளோவும்? நான்தான் தங்கச்சிக்குக் கொரல் போட்டேனே. கெடைக்கல்லியா?"

நான் மீன் தொட்டியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

அவர் ஒன்றும் நடக்காதது போல, "சரி, இங்கயே காட்டித்தாறேன்," என்றார். "வாலு இருந்தா எங்க இருக்கும்? அந்த எடத்தப் பாருங்க." முதுகெலும்பு முடிகிற இடத்தில் முடியை விலக்கினார். கறுப்பாக, பிசின் போல ஒன்று முடியோடு ஒட்டியிருந்தது. "இதுதான் வாடை. இளவட்டமாகும்போது இந்தச் சொரப்பி எண்ணெய் விடும். கூண்ட எவ்வளவு கழுவுனாலும் போகாது. கூண்டுல ஒரு வாசமும் இல்லாட்டி, 'அட, நம்ம வீடு இல்லையே'ன்னு இன்னும் நல்லாத் தேய்ப்பான். கழுவுங்க, ஆனா பழைய வைக்கோல்ல ஒரு பிடி திருப்பிப் போடுங்க."

வெதுவெதுப்பாக்கிய தேங்காயெண்ணெயும் ஒரு துண்டுச் சீலையும் கொண்டுவந்தார். எண்ணெயைத் தடவி, பிசின் இளகும்வரை பொறுத்து, முடி போகும் பக்கமாகவே துடைக்க வேண்டும். குழந்தைச் சோப்பு ஒரு துளி, இளஞ்சூடான தண்ணீர். பிறகு ஈரமே இல்லாமல் துவட்ட வேண்டும், எங்கள் குளிருக்கு ஈரம் ஆகாது. அடிப்பக்கத்து மடிப்பிலும் அழுக்குச் சேரும், அதையும் பார்க்க வேண்டும். பாதி செய்துவிட்டுச் சீலையை என்னிடம் நீட்டினார்.

"நீங்க செய்ங்க அண்ணே. சலிக்கிற கை, பதமா இருக்கும்."

அந்த நல்ல குணத்தின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் என்னைத் திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். சீலையை வாங்கித் துடைத்தேன். கறுப்பு என் மடியில் அசையாமல் இருந்தது. அந்தப் பிசின் கொஞ்சம் கொஞ்சமாகச் சீலைக்கு வந்தது.

நாலு மணிக்குச் செவலை எழுந்து ஒரு புல்லைக் கடித்தது.

திரும்பும் பஸ்ஸில் பெட்டி அவள் மடியில் இருந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலை இழுத்து மூடிவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அழிச்சிட்டீங்களா?"

"ம்."

"முழுசாக் கேக்கக்கூட இல்லையா?"

"இல்ல."

"ஏன்?"

"ம்" என்று தப்ப முடியாத கேள்வி. "நீ அந்தாளுகிட்ட பேசுற மாதிரி என்கிட்ட பேசுறதில்ல," என்றேன். "அந்தாளுக்கு என்னமோ கதையெல்லாம் சொல்லியிருக்க. எனக்குத் தெரியாது."

அவள் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்ன கதைன்னு தெரியுமா? நீங்க கூண்டு கழுவயில செவலைகிட்ட, 'கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா'ன்னு மரியாதையாக் கேட்டீங்கல்ல. அதுவும் தள்ளிக்கிச்சே. அதத்தான் சொன்னேன்."

அப்படிக் கேட்டது எனக்கு நினைவில்லை. கேட்டிருப்பேன்.

"அந்த மனுசன் அடுத்தடுத்துக் கேள்வி கேக்குறாரு," என்றாள். "சாப்புட்டுச்சா, தூங்கிச்சா, எந்தப் பக்கம் படுத்துச்சு. கேட்டாச் சொல்லத் தோணும். நீங்க கேக்குறீங்களா?"

இரண்டு வளைவு போனது. பெட்டிக்குள் விரலை விட்டேன். செவலை முகர்ந்தது.

"இது எந்தப் பக்கம் படுக்கும்?" என்று கேட்டேன்.

அவளுக்கு இன்னும் கோபம் இருந்தது. மடியில் பெட்டியைச் சரிசெய்துகொண்டு, "எடப்பக்கம்," என்றாள். "கறுப்பு வந்து மேல தலய வச்சுக்கிட்டா மட்டும் வலப்பக்கம்." பிறகு தோட்டத்து முடக்கு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

அன்று மாலையே செவலைக்கும் துடைத்துவிட்டேன். அவள் பிடித்துக்கொண்டாள், நான் துடைத்தேன். கழுவிய கூண்டில் பழைய வைக்கோலில் ஒரு பிடி போட்டேன். சாரம், சட்டை, போர்வை எல்லாவற்றையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அடித்து, மகள் விட்டுப்போன தகரப் பெட்டிக்குள் ஸ்டோர் உடுப்பைத் தனியாக வைத்தேன்.

வெள்ளிக்கிழமை டீமேக்கர் ஐயா என் பக்கம் வந்து நின்றார். மூக்கை என் தோள்வரை கொண்டுவந்தார். சல்லடை ஆடிக்கொண்டிருந்தது. பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ம்," என்றார், போய்விட்டார். இந்த "ம்" எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத் தெரிந்தது.

வாடை முழுவதும் போய்விடவில்லை. அதுகள் ஆண் பிராணிகள், கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். மாதத்துக்கு ஒரு தடவை எண்ணெயைச் சூடாக்குகிறோம். அந்த வேலைக்கு அவள் வேறு யாரையும் கூப்பிடுவதில்லை.

ஹட்டன்காரரின் குரல் இன்னும் வருகிறது. அவள் இன்னும் சிரிக்கிறாள். எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அவள் அவருக்கு அனுப்பிய ஒன்று போனில் இருக்கிறது. அவள் மலைக்குப் போன நேரத்தில் எடுத்துக் கேட்பேன். "நானா, ரெண்டும் நல்லாருக்கு. வாடையும் போச்சு. எங்க வீட்டுக்காரருதான் தொடச்சாரு. ஒரு முடி நோகல." அதற்குப் பிறகு கொஞ்சம் சிரிப்பு.

அதை மட்டும் அழித்துவிடக் கூடாது என்று போனைத் தொடும்போதெல்லாம் கவனமாக இருக்கிறேன்.